ஆமிஷ் மேஜை மாதிரி ஆணி இல்லாமல் நம்ம ஊரில் செய்ய முடியுமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வேலை முடியும் நிலையில் இருக்கிறது. எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு மேஜையும், டிராயர் வைத்த ஒரு துணி அலமாரியும் செய்ய வேண்டும். மரம் என்றால் மரம்தான், பிளைவுட்டுக்கு மேலே தாள் ஒட்டியது வேண்டாம்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்றால், தம்பி குடும்பம் அமெரிக்காவில் ஒகாயோவில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த தச்சர்கள் செய்த ஓக் மரச் சாப்பாட்டு மேஜை ஒன்று உண்டு. பழையதாக வாங்கியது, இவர்களுக்கு முன்பே ஒரு குடும்பம் அதில் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறது. அங்கே போயிருந்தபோது அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை. குனிந்து அடியில் பார்த்தால் காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு ஆணித் தலைகூடக் கண்ணில் படவில்லை. பக்கத்தில் இருந்த அலமாரியின் டிராயரை வெளியே இழுத்தால், மூலையில் விரல்களைக் கோத்த மாதிரி பலகையும் பலகையும் கோத்துக்கொண்டு நிற்கிறது. அதை மறுபடி மறுபடி இழுத்துத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அத்தனை அழகு.

இங்கே வந்து தெரிந்த இடத்தில் எல்லாம் கேட்டுவிட்டேன். “அதெல்லாம் இப்ப யாரும்மா செய்றா, ஸ்க்ரூவும் பெவிகாலும் போட்டா அசையாது” என்கிறார்கள். ஒரு கடையில் தேக்கு என்று சொல்லிக் காட்டிய கட்டிலின் அடியைப் பார்த்தால் மூலைக்கு மூலை இரும்புத் தகடு.

அந்த ஆமிஷ் வேலையில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? நம்ம பக்கத்து ஆசாரிகளால் அது முடியுமா? முடியும் என்றால் நான் அவர்களிடம் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்? ஆமிஷ் என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. மரம் செங்கோட்டைக்குப் போய் எடுப்பதா, இங்கேயே டவுனில் எடுப்பதா, அதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வண்ணார்பேட்டை டு ஒகாயோ எழுதியது:

அக்கா, நானும் ஒகாயோவில்தான் இருக்கிறேன். ஹோம்ஸ் கவுன்டி எனக்குக் காரில் போய்வருகிற தூரம், அங்கே சில பட்டறைகளுக்குள் போய் நின்று பார்த்திருக்கிறேன். ஆமிஷ் மக்கள் பெருமளவில் வாழும் இடங்களில் அது ஒன்று, பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் இன்னொன்று.

முதலில் ஒரு விஷயம். ஆமிஷ் வேலை என்றால் உளியும் கைவாளும் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இவர்கள் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. 1693 வாக்கில் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பக்கத்தில் ஜேக்கப் அம்மான் என்பவரின் வழியில் தனியாகப் பிரிந்து, 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள். வீட்டுக்குள் வெளி மின்சாரக் கம்பியை இழுக்க மாட்டார்கள். ஆனால் பட்டறையில் டீசல் இன்ஜின் ஓடும், அதில் காற்றை அழுத்தியோ எண்ணெயை அழுத்தியோ வாள், இழைப்பு மெஷின், துளை மெஷின் எல்லாவற்றையும் ஓட்டுவார்கள். எது கூடும் எது கூடாது என்று ஒவ்வொரு சபையும் தனக்கு விதி வைத்திருக்கிறது, அதனால் பட்டறைக்குப் பட்டறை மாறும். டிராயர் மூலையில் நீங்கள் பார்த்த அந்தப் புறாவால் வெட்டை, அதாவது புறாவின் வால் மாதிரி நுனி விரிந்த பல் வெட்டைக்கூடப் பல இடங்களில் மெஷினில்தான் வெட்டுகிறார்கள். நல்ல பசையும் போடுகிறார்கள், மேலே கெட்டியான வார்னிஷும் அடிக்கிறார்கள்.

பிறகு ஏன் அது அப்படி நிற்கிறது என்றால், மரம் முழு மரம், அதுவும் நன்றாகக் காய வைத்த மரம். ஓக், செர்ரி, மேப்பிள், ஹிக்கரி, வால்நட் என்று எது எடுத்தாலும் சூளையில் வைத்து ஈரத்தை 6 முதல் 8 சதவீதத்துக்கு இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி உதடு வெடிக்கிற அளவு காற்று வறண்டு போகும், கோடையில் அதே வீட்டில் புழுக்கம். மரம் வருஷா வருஷம் சுருங்கி விரியும். அந்த அசைவுக்கு இடம் விட்டுப் பொருத்தியிருப்பதுதான் அவர்கள் வேலை. கதவுக்கு நடுவில் இருக்கும் பலகையைப் பசை போட்டு ஒட்டவே மாட்டார்கள், சட்டத்தில் வெட்டிய காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், சும்மா மிதந்துகொண்டு இருக்கும்.

அவர்கள் மேஜை ஏன் அத்தனை கெட்டியாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பங்கள். சர்ச் கட்டடம் கிடையாது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில்தான் வழிபாடு, முடிந்ததும் அங்கேயே எல்லோருக்கும் சாப்பாடு. பெஞ்சுகளை வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். அதனால் இழுத்து நீட்டி நடுவில் பலகை செருகுகிற மேஜைகள் அவர்களிடம் சகஜம். உங்கள் தம்பி வீட்டு மேஜையும் நீளும் மேஜையா என்று அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை முடிக்கிறார்கள், 1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்துத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு வயலிலோ பட்டறையிலோ பெரியவர்கள் பக்கத்தில் நின்றுதான் தொழில் கற்கிறார்கள். நிலத்தின் விலை ஏற ஏறப் பலர் விவசாயத்தை விட்டு முழு நேரமாகப் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். ஆமிஷ் என்பது ஒரு கம்பெனிப் பெயரும் இல்லை, அதனால் அந்தப் பெயரைப் போட்டு விற்கிறதெல்லாம் ஒரே தரமாக இருக்காது. இங்கேயும் எந்தப் பட்டறை, என்ன மரம் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

---

அம்பை வாசி எழுதியது:

பிளைவுட்டை அப்படி ஒதுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். நல்ல பிளைவுட் மழைக்கும் வெயிலுக்கும் அளவு மாறாது. அலமாரியின் முதுகுப் பலகைக்கும் டிராயரின் அடிக்கும் அது தாராளமாகப் போதும், செலவும் குறையும். மேஜைக்கும், வெளியே தெரிகிற சட்டங்களுக்கும், டிராயரின் நாலு பக்கத்துக்கும் மட்டும் மரம் போடுங்கள்.

---

கல்லிடை தச்சுப்பட்டறை எழுதியது:

தங்கச்சி, கல்லிடைக்குறிச்சி பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன், அப்பா, தாத்தா எல்லோருக்கும் இதுதான் தொழில். நீங்கள் கேட்கிற வேலை நம்ம ஆட்களுக்குப் புதுசே இல்லை. உங்கள் தெருவில் ஓடு போட்ட பழைய வீடு ஏதாவது மிச்சம் இருந்தால் அதன் வாசல் நிலையைப் போய்ப் பாருங்கள். மேல்சட்டமும் பக்கக்காலும் சேரும் இடத்தில் கழுந்து, அதாவது ஒரு கட்டையின் நுனியில் நாக்கு மாதிரி மெலிதாகச் செதுக்கிய பகுதி, மற்றதில் போட்ட துளைக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும், அதைக் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி பிடித்திருக்கும். சில வீடுகளில் கதவுக்குக் கீல்கூடக் கிடையாது, கதவுக் கட்டையிலேயே மேலும் கீழும் குடுமி விட்டு, அந்தக் குடுமிமேல்தான் கதவு சுற்றும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பீர்கள், மரத்தை மரத்தில் பொருத்துவதில் நம்ம பக்கத்துக் கை எப்படிப்பட்டது என்று அங்கே தெரியும். அந்தத் துளையும் கழுந்தும்தான் ஆமிஷ்காரர் மேஜைக் காலிலும் இருக்கிறது. எனவே ஆசாரியிடம் “காலையும் சட்டத்தையும் துளை கழுந்து போட்டு, முளை அடித்துத் தாங்க, ஸ்க்ரூ வேண்டாம்” என்று சொல்லுங்கள், முளை என்பது அந்த மர ஆணிதான். ஐம்பது வயதுக்கு மேல் உள்ள ஆசாரி யாராக இருந்தாலும் உடனே புரிந்துகொள்வார்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். ஒன்றரை அங்குலச் சட்டம் என்றால் கழுந்தின் கனம் நாலு நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்), அதாவது சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதைவிடத் தடித்தால் துளையின் சுவர் மெலிந்து கால் பிளக்கும், மெலிந்தால் கழுந்து ஒடியும். கழுந்தைச் சுற்றி இருக்கிற தோள் காலில் முழுசாகப் படிய வேண்டும். மேஜையை யாராவது சாய்ந்து தள்ளும்போது அந்தத் தள்ளலைத் தாங்குவதில் பாதி அந்தத் தோளின் வேலை. தோளுக்கும் காலுக்கும் நடுவில் காகிதம் நுழைந்தால் அந்தப் பொருத்தைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள், மக்கு வைத்து அடைக்க விடாதீர்கள்.

முளை அடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் காலில் மட்டும் முளைக்கான துளையைப் போட்டுக்கொள்வோம். கழுந்தை உள்ளே விட்டு அந்தத் துளை வழியாகக் கழுந்தில் அடையாளம் வைப்போம். பிறகு வெளியே எடுத்து, அடையாளத்திலிருந்து தோள் பக்கமாக அரை நூல் தள்ளித்தான் கழுந்தில் துளை போடுவோம். ரெண்டு துளையும் இப்போது நேராக இருக்காது. நுனியைக் கூராகச் சீவிய முளையைக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால் அடித்தால், அது லேசாக வளைந்துகொண்டு இறங்கும், இறங்கும்போதே கழுந்தை உள்ளே இழுத்துத் தோளைக் காலோடு நெருக்கிவிடும். அடிக்க அடிக்கச் சத்தம் மாறும். இறுகிவிட்டதும் கெட்டியான ஒரு சத்தம் கேட்கும், அங்கேயே கையை நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு அடி அடித்தாலும் கால் பிளந்துவிடும். பசை என்றைக்காவது விட்டாலும் இந்தப் பிடி விடாது. முளைக்கு நன்றாகக் காய்ந்த மூங்கிலோ, மேஜை மரத்தைவிடக் கெட்டியான மரமோ எடுக்க வேண்டும்.

ஸ்க்ரூவுக்கு எதிரி இல்லை நான். ஆனால் சட்டத்தின் நுனியில், அதாவது நார் முடிகிற முகத்தில், ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் குறைவு. மேஜையை இழுக்க நகர்த்த, அங்கே ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாகிவிடும். அதற்குத்தான் கடைக்காரர்கள் மூலையில் தகடு வைக்கிறார்கள்.

டிராயருக்கு வருவோம். இழுக்கிற இழுப்பு முழுக்க முகப்புப் பலகையின் மேல்தான் விழுகிறது. பக்கப்பலகையின் நுனியில் வாலையும், முகப்பில் அதற்கு ஏற்ற குழியையும் வெட்டினால், வால் நுனிப்பக்கம் விரிந்து இருப்பதால் முன்னால் எத்தனை இழுத்தாலும் கழலாது. வாலின் சரிவு கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று, அதாவது எட்டுப் பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சாய்வு, இளகின மரத்துக்கு ஆறுக்கு ஒன்று. முகப்பில் வெளியே தெரியாமல் பாதிக் கனத்தில் வெட்டி நிறுத்துகிற விதமும் உண்டு, நீங்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். இது நேரம் எடுக்கிற வேலை, கூலியும் அதற்கு ஏற்ற மாதிரி வரும். நம்ம ஆசாரிமார் இதை விட்டதற்குக் காரணம் தெரியாமல் போனது இல்லை. இந்த நேரத்துக்குக் காசு கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. முளை அடிப்பதைப் படித்ததுமே நேரில் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தம்பியிடம் கேட்டேன், அந்த மேஜை நீளும் மேஜைதான், நடுவில் செருகும் பலகைகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதாம்.

இன்னும் ரெண்டு சந்தேகம். மேஜையின் மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிடிப்பது? இங்கே ஒருவர் மூலைக்கு மூலை ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடலாம் என்கிறார். அப்புறம் மரம். பழைய வீடு இடித்த தேக்கு உத்திரம் ஒன்று வருகிறது என்று சொல்கிறார்கள், வாங்கலாமா?

---

வண்ணார்பேட்டை டு ஒகாயோ எழுதியது:

அக்கா, மேல்பலகையை மட்டும் இறுக்கிப் பூட்டவே பூட்டாதீர்கள். பச்சை மரம் முழுசாகக் காயும்போது அகலத்தில் சிவப்பு ஓக் 8.6 சதவீதம் வரை சுருங்கும், தேக்கு 5.8 சதவீதம். நீளவாக்கில் ரெண்டுமே கணக்கில் எடுக்காத அளவுதான். தேக்கு இந்த விஷயத்தில் ஓக்கைவிட நல்ல பிள்ளை. இருந்தாலும் மூன்றடி அகலப் பலகையில் ஈரம் நாலு சதவீதம் ஏறி இறங்கினால், அண்ணாச்சி கணக்கில் சொன்னால், ரெண்டு நூல் வரை அகலம் மாறும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவில் நம்ம ஊரில் அந்த மாற்றம் வரக்கூடியதுதான். நாலு பக்கமும் ஸ்க்ரூவால் பூட்டிவிட்டால் பலகை போக இடம் இல்லாமல் நடுவில் வெடிக்கும்.

ஆமிஷ் மேஜைகளில் இதற்குப் பல வழி இருக்கிறது. நான் பார்த்ததில் எனக்குப் பிடித்தது மரக்கொக்கி. சட்டத்தின் உள்பக்கத்தில் ஒரு காடி ஓடும். சின்ன மரத்துண்டு ஒன்றில் நாக்கு மாதிரி வெட்டி அந்தக் காடிக்குள் செருகி, துண்டை மட்டும் மேல்பலகையோடு ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பார்கள். பலகை மேலே எழும்பாது, ஆனால் பக்கவாட்டில் போய்வரும். அந்தத் துண்டைக் காடியின் அடியோடு முட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு வைக்க வேண்டும்.

பலகையின் ரெண்டு நுனியிலும் குறுக்கே சட்டம் வைக்க ஆசைப்பட்டால் நடுவில் ஒரு முளை மட்டும் இறுக்கமாக இருக்கட்டும், ஓரத்து முளைகளுக்குக் கழுந்தில் நீளத் துளை போடச் சொல்லுங்கள்.

---

அம்பை வாசி எழுதியது:

உத்திரம் கிடைக்கிறது என்றால் விடாதீர்கள். பழைய வீடுகளில் பர்மா தேக்கு போட்டிருப்பார்கள், தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த மரம், சூளையே தேவையில்லை. ஆனால் வாங்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி இருந்தால் அறுவை மில்லில் வாளின் பல் போய்விடும், நிறைய மில்லில் பழைய மரத்தை அறுக்கத் தயங்குவது இதனால்தான். செல் அரித்திருக்கிறதா என்று சுவருக்குள் இருந்த நுனியைக் குத்திப் பாருங்கள்.

புது மரம் என்றால் செங்கோட்டைக்கே போய் வாருங்கள். மலை தாண்டி மரம் வந்து இறங்குகிற ஊர், அறுவை மில்லும் அங்கேயே இருக்கிறது, கண்ணெதிரே அறுத்து வாங்கலாம். நடுவில் இருக்கும் கெட்டியான வைரம் எவ்வளவு, வெளிப்பக்கத்து வெளிறிய வெள்ளைக்கட்டை எவ்வளவு என்று பார்த்து எடுங்கள். வெள்ளையில்தான் பூச்சி ஏறும். இளம் தேக்கில் வெள்ளை அதிகமாக இருக்கும், விலை குறைவு என்று அதில் விழுந்துவிடாதீர்கள்.

---

கல்லிடை தச்சுப்பட்டறை எழுதியது:

தம்பி ரெண்டு பேரும் சொன்னது சரி. புது மரம் எடுத்தால் வெட்டி வந்ததும் வேலைக்குப் போடக் கூடாது. பலகையாக அறுத்து, நடுநடுவே ரீப்பர் துண்டு வைத்து, வெயில் நேராகப் படாமல் காற்று ஓடுகிற இடத்தில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுவான கணக்கு. அதற்குப் பொறுமை இல்லை என்றால் சூளையில் காய்ந்த மரம் கேட்டு வாங்குங்கள். ஈரம் பார்க்கிற மீட்டர் இப்போது சின்னதாகக் கையடக்கமாகக் கிடைக்கிறது, நம்ம சீதோஷ்ணத்துக்கு 12 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஒகாயோவில் 8 சதவீதம் என்றால் அது அந்த ஊர்க் காற்றுக்கு, இங்கே அவ்வளவு இறக்கினால் மழைக்கு மறுபடி ஊறித்தான் நிற்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, இழைத்துப் போட்டு ரெண்டு நாள் கழித்துப் பசை வைத்தால் சரியாகப் பிடிக்காது. அன்றைக்கு இழைத்து அன்றைக்கே ஒட்ட வேண்டும், இல்லையென்றால் ஒட்டும் முன் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். உளியையும் அடிக்கடி தீட்ட வேண்டிவரும், தேக்கு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும்.

ஆசாரியிடம் பேசும்போது மொத்தமாக இவ்வளவு என்று பேசாமல், சட்டம் பூட்டும் முன் ஒரு தவணை, பாலிஷுக்கு முன் ஒரு தவணை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பூட்டும் முன் போய் எல்லாக் கழுந்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். முளை அடித்து முடிந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

உத்திரத்தை நாளைக்குக் காந்தத்தோடு போய்ப் பார்க்கிறேன். மேஜைக்கு அது போதும் என்று தோன்றுகிறது. டிராயரின் பக்கப்பலகைக்கு எங்கள் ஊரில் வெட்டிக் காயப்போட்டிருக்கிற வேம்பு இருக்கிறது, வெட்டி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைப் போடலாமா அண்ணாச்சி?

---

கல்லிடை தச்சுப்பட்டறை எழுதியது:

தாராளமாகப் போடலாம். துணி வைக்கிற டிராயருக்கு வேம்பு நல்ல மரம், பூச்சி அண்டாது. கட்டையாகவே கிடக்கிறது என்றால் முதலில் பலகையாக அறுத்து இன்னும் கொஞ்ச காலம் அடுக்கி வையுங்கள், உள்ஈரம் கட்டையில் சீக்கிரம் போகாது. வேம்பில் நார் மாறி மாறி ஓடும், வால் வெட்டும்போது உளி நல்ல கூராக இருக்க வேண்டும், இல்லையென்றால் நுனி பிய்ந்துவிடும். சரிவு எட்டுக்கு ஒன்று வைக்கச் சொல்லுங்கள்.